ஓடைப் பூச்சிகளைக் கற்க: வெள்ளைத் தட்டா, கைபேசியா, மைக்ராஸ்கோப்பா?

பறவை பார்க்கப் பழகியவர்கள் ஓடைப் பக்கம் திரும்பும்போது முதலில் கேட்பது, எந்த மைக்ராஸ்கோப் வாங்கலாம் என்பதுதான். விலங்கியல் மாணவர்கள் எந்தப் புத்தகம் என்று கேட்கிறார்கள். பள்ளியில் பசுமைப் படை நடத்தும் ஆசிரியர்களோ, படம் எடுத்துப் போட்டால் பெயர் சொல்லும் செயலி போதாதா என்கிறார்கள். மூவருக்கும் முன்னால் இருக்கிற தேர்வு ஒன்றுதான். பூச்சியை உயிரோடு பார்த்துக் கற்பதா, படத்தில் பார்த்துக் கற்பதா, ஆல்கஹாலில் போட்டுப் பார்த்துக் கற்பதா? இதை முடிவு செய்துவிட்டால் எதற்குப் பணம் செலவழிப்பது என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் உயிரோடு பார்க்கும் கட்சி. மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு என்றாலும் அந்த இடம் பிறகுதான் வருகிறது.

குற்றாலம், பாபநாசம் பக்கத்து மலையடிவார ஓடைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கொல்லிமலையிலோ மேகமலையிலோ இருப்பவர்களுக்குப் பூச்சிகள் கொஞ்சம் மாறும். கற்கும் வழி அவ்வளவாக மாறாது.

தட்டில் உயிரோடு

தேவையானவை அதிகம் இல்லை. அரை மில்லிமீட்டர் கண் உள்ள ஒரு கைவலை, வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 10 மடங்கு லென்ஸ், மெல்லிய பெயின்ட் பிரஷ், பிடித்ததைப் பிரித்துப் போட ஐஸ் கட்டித் தட்டு. வலை கிடைக்காவிட்டால் டீ வடிகட்டியோடு தொடங்கலாம். எல்லாமே சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

தண்ணீர் சலசலத்து ஓடும் இடத்தில் வலையின் வாய் நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு, தண்ணீர் வரும் பக்கத்துக் கற்களைக் காலால் கிளறுங்கள். கல்லைப் பற்றிக்கொண்டிருப்பவை பிடி விட்டு வலைக்குள் வந்துவிடும். ஆழமான கசத்தில் இதைச் செய்து பயனில்லை. அங்கே வேறு கூட்டம் இருக்கிறது, அதுவும் குறைவு. வலையில் வந்ததைக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய தட்டில் கவிழ்த்துவிட்டு, ஒரு நிமிடம் கை வைக்காமல் பாருங்கள்.

உருவத்துக்கு முன்னால் நடை தெரியும். விருட்டென்று மீன்குஞ்சு போலப் பாய்ந்து போய் நிற்பது பேட்டிடே குடும்பத்து மேஃபிளையின் இளம்பூச்சி. மேஃபிளை என்பது இளமையைத் தண்ணீரில் கழித்து, சிறகு முளைத்ததும் சீக்கிரமே மடிந்துவிடும் பூச்சி. இங்கே ‘டே’ என்று முடிவதெல்லாம் குடும்பப் பெயர்; பல குடும்பங்கள் சேர்ந்தது வரிசை, குடும்பத்துக்குள் பேரினம், அதற்குள் சிற்றினம். தட்டின் அடியோடு ஒட்டிக் கிடந்து, பிரஷால் தொட்டால் பக்கவாட்டில் நழுவி ஓடுவது ஹெப்டஜீனிடே. அதன் கண்கள் தலையின் மேற்புறத்தில் இருக்கும், உடம்பு கல்லில் அப்பிக்கொள்ளும் அளவுக்குத் தட்டை. உடம்பைச் சுருட்டி நெளிந்து பின்னோக்கிப் போகிற பழுப்புப் புழு ஹைட்ரோசைக்கிடே, அதாவது கற்களுக்கு இடையில் பட்டுநூலால் வலை கட்டி உணவு பிடிக்கும் கேடிஸ்ஃபிளை. வெயிலில் தட்டுத் தண்ணீர் சூடேறத் தொடங்கியதும் ஒன்று கால்களை ஊன்றி உடம்பை ஏற்றி இறக்கித் தண்டால் எடுத்தால் அது ஸ்டோன்ஃபிளை, ஓடைக் கற்களிடையே வளரும் இன்னொரு பூச்சி வரிசை. ஆக்சிஜன் குறையும்போது செவுள்கள் மேல் தண்ணீரை ஓட்டுவதற்காக அது செய்கிற வேலை அது. தண்டால் தொடங்கினால் தண்ணீரை மாற்ற வேண்டும் என்றும் பொருள்.

இந்த நடை எதுவும் ஆல்கஹால் குப்பிக்குள் மிஞ்சாது. புத்தகத்தின் அடையாளத் திறவுகோல்களிலும், அதாவது படிப்படியாகக் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல்களிலும், பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் அவை செத்த பூச்சியைப் பார்த்து எழுதப்பட்டவை. ஆனால் ஓடைக்கரையில் நின்று சில நொடிகளில் குடும்பம் வரை போக வைப்பது இந்த நடைதான்.

நடையைப் பார்த்து ஊகித்ததை லென்ஸில் உறுதி செய்ய வேண்டும். பார்க்க வேண்டியவை வால், செவுள், நகம். மேஃபிளைக்குச் செவுள்கள் வயிற்றின் இருபுறமும் வரிசையாக இருக்கும், காலுக்கு ஒரு நகம். ஸ்டோன்ஃபிளைக்குக் காலுக்கு இரண்டு நகம். நம் பக்கத்து ஓடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பெர்லிடே குடும்பத்துக்குச் செவுள் மார்பில், கால்கள் கிளம்பும் இடத்தில், குஞ்சம் குஞ்சமாக இருக்கும். வாலை மட்டும் எண்ணி முடிவு சொல்லாதீர்கள். மேஃபிளைக்கு மூன்று, ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு என்ற பாடம் எங்கும் சொல்லித்தரப்படுகிறது. எபியோரஸ் என்ற மேஃபிளைக்கும் இரண்டே வால்தான். அது வேகமாக ஓடும் தண்ணீரில் ஸ்டோன்ஃபிளை இருக்கும் அதே கல்லில் இருக்கக்கூடும். நகத்தைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நடுவால் ஒடிந்துபோன மேஃபிளையும் வலையில் வரும் என்பதால் நகம் இன்னும் நம்பத்தக்கது.

கேடிஸ்ஃபிளைக்கு வயிற்றின் கடைசியில் கொக்கி உள்ள இரண்டு போலிக் கால்கள். பல வகைகள் உடம்பைச் சுற்றிக் குழல்போல வீடு கட்டிக்கொள்ளும்; அந்த வீட்டைப் பார்த்தே பல குடும்பங்களைச் சொல்லிவிடலாம். இலைத் துண்டுகளைச் சதுரமாக வெட்டி நான்கு பக்கமும் ஒட்டிய குழல் லெபிடோஸ்டோமாட்டிடே குடும்பத்தில் காணப்படுவது. மணலை ஒட்டி நத்தை ஓடு மாதிரியே சுருள் கட்டுவது ஹெலிகோசைக்கிடே. 1834-இல் அமெரிக்காவின் ஐசக் லீ, நத்தைகளில் பெரிய நிபுணர், இந்த மணல் வீட்டைப் புதிய நத்தை இனம் என்று பெயரிட்டே வெளியிட்டுவிட்டார். அவருக்கே அப்படி என்றால் தட்டில் கிடக்கும் கடுகளவு நத்தையைத் திருப்பிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உள்ளே ஆறு கால் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தட்டுக்கு வரம்பு எங்கே? சிறு கொசு போன்ற கைரனோமிடே ஈக்களின் புழுக்களைக் குடும்பம் என்ற அளவில் சொல்லலாம், அதற்கு மேல் ஒரு அடிகூடப் போக முடியாது. இளம்பருவத்துக் குட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இறக்கை மொட்டு கறுத்து முற்றியவற்றையே பார்க்க வேண்டும். முக்கியமான குறை, கையில் சான்று எதுவும் மிஞ்சாது. நீங்கள் சொன்ன பெயர் சரியா என்று மறுநாள் யாராலும் சரிபார்க்க முடியாது.

கைபேசியில்

படத்தை வைத்துப் பெயர் சொல்லும் செயலியான ஐநேச்சுரலிஸ்ட் 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களின் முதுகலைத் திட்டமாகத் தொடங்கியது. இன்று படம் போட்டவுடன் பெயர் முன்மொழிகிறது. பிறகு மனிதர்கள் வந்து ஒப்புக்கொள்கிறார்கள் அல்லது மறுக்கிறார்கள். சிறகு முளைத்த தட்டானைப் போட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். ஓடைப் பாறையில் அமர்ந்து பின்னிறக்கையின் பச்சைப் பளபளப்பைக் காட்டும் நியூரோபேஸிஸ் சைனென்ஸிஸ் ஆண் ஊசித்தட்டானை அது தவறவிடுவது அரிது.

தட்டில் இருக்கும் இளம்பூச்சியைப் போட்டால் கதை வேறு. செயலி எந்தப் படங்களைப் பார்த்துப் பழகியதோ அவற்றை வைத்துத்தான் ஊகிக்கும். நம் மலை ஓடைகளின் இளம்பூச்சிகளைச் செவுள் தெரியப் படம் எடுத்துப் பெயரிட்டவர்கள் மிகச் சிலர். எனவே அது மேஃபிளை வரிசை என்ற அளவில் நிற்கும். அல்லது வட அமெரிக்கப் பேரினம் ஒன்றைத் துணிந்து சொல்லும். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு இந்தத் துணிச்சல்தான் ஆபத்து. ஏன் அந்தப் பெயர் என்று செயலி சொல்வதில்லை. காரணம் தெரியாமல் கேட்ட பெயர் அடுத்த ஓடையில் உதவாது.

ஆனாலும் கைபேசியைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லவில்லை. தட்டுக்கு இல்லாத சான்றைப் படம் தரும். சில மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் பூச்சியை விட்டு, மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று, புரட்டி வயிற்றுப் புறம் ஒன்று என்று லென்ஸ் வழியாக எடுங்கள். தண்ணீருக்கு வெளியே எடுத்த படத்தில் செவுள்கள் உடம்போடு ஒட்டிப்போய் ஒன்றும் தெரியாது. முதலில் நீங்களே ஒரு பெயரை எழுதிக்கொண்டு பிறகு பதிவேற்றுங்கள். முன்மொழிவைப் பார்த்துவிட்டு எழுதினால் உங்கள் பெயர் அதன் பெயராகிவிடும்.

தட்டானில் தொடங்கலாமா?

பறவை பார்ப்பவர்களுக்கு இந்த வழி இனிக்கும். பைனாகுலர் போதும், கையில் ஈரம் படாது, நூல்களும் உண்டு. ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர் 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகளாக எழுதிய இந்தியத் தட்டான்கள் பற்றிய நூல்தான் இன்றைக்கும் பலவற்றுக்கு அடித்தளம். இப்போது படங்களோடு இணையத்திலும் நல்ல வழிகாட்டி இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூறு வகைக்கு மேல் இருப்பதால் பல ஆண்டுகளுக்கு அலுக்காது.

ஓடையைப் பற்றித் தெரிந்துகொள்ள இது அரைகுறை வழி. ஓடைமேல் பறப்பது அந்த ஓடையில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான், பன்டாலா, இந்தியப் பெருங்கடலைக் கடந்து போகும் வழிப்போக்கன். அது முட்டையிடுவது தற்காலிகக் குட்டைகளில். அது தலைக்குமேல் பறப்பதை வைத்து ஓடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஜைகோனிக்ஸ் என்ற தட்டானைப் போல அருவித் தண்ணீருக்கு மேலேயே ஓயாமல் மிதக்கும் சிலவே விதிவிலக்கு.

இங்கே ஒரு நடுவழி இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. தட்டானின் இளம்பூச்சி தண்ணீரிலிருந்து பாறைமேல் ஏறி, சட்டையை உரித்து அங்கேயே விட்டுவிட்டுப் பறந்துபோகிறது. அந்தச் சட்டையில் இளம்பூச்சியின் அடையாளங்கள் அப்படியே இருக்கும். யாரையும் கொல்ல வேண்டாம், ஆல்கஹால் வேண்டாம், தீப்பெட்டியில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. அந்தத் தட்டான் அதே ஓடையில் வளர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்றும் இல்லை. காலையில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள பாறைகளையும் புல் தண்டுகளையும் பாருங்கள்.

சட்டையின் முகத்தில் மடங்கிக் கிடக்கும் கீழுதடுதான் முதலில் பார்க்க வேண்டியது. அது கரண்டியாகக் குழிந்து முகத்தை மூடியிருந்தால் லிபெல்லுலிடே பக்கம் போகலாம். தட்டையாக இருந்து, உணர்கொம்பும் நான்கே கணுவோடு தடித்திருந்தால் கோம்ஃபிடே. உணர்கொம்பு மெலிந்து ஏழு கணுவோடு இருந்தால் ஏஷ்னிடே. கீழுதடு குழிந்து, கால்கள் சிலந்திபோல நீண்டு, நெற்றியில் ஒரு கொம்பும் இருந்தால் மேக்ரோமிடே. வெறும் லென்ஸால் நான்கு குடும்பம் வந்துவிட்டது.

ஆல்கஹாலும் மைக்ராஸ்கோப்பும்

குடும்பத்தைத் தாண்டிப் பேரினம், சிற்றினம் என்று போக வேண்டுமானால் வேறு வழி இல்லை. வாயுறுப்பின் மயிர், செவுளின் கிளை, நகத்தின் உட்புறப் பற்கள் எல்லாம் அசையாத பூச்சியில்தான் தெரியும். மதுரையிலிருந்து கே.ஜி. சிவராமகிருஷ்ணன் செய்த வேலை இப்படிப்பட்டது. குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய பீட்டர்சுலா கோர்டலென்ஸிஸ் என்ற மேஃபிளையை 1984-இல் அவர் விவரித்தார். அப்படியே கொடைக்கானலுக்கும் ஒன்று உண்டு: ஸ்டெனோசைக்கி கொடைக்கானலென்ஸிஸ் என்ற கேடிஸ்ஃபிளை, 1980. நம் ஊர்ப் பெயரில் இப்படிச் சில பூச்சிகள் இருக்கின்றன என்பதே இந்த வழியில் நடந்தவர்களால்தான் நமக்குத் தெரியும்.

பலரும் சறுக்கும் இடம் எந்தத் திறவுகோலைப் பயன்படுத்துவது என்பது. இணையத்தில் எளிதாகவும் அழகாகவும் கிடைப்பவை வட அமெரிக்காவுக்கு எழுதப்பட்டவை. வரிசை வரை அவற்றால் கெடுதல் இல்லை. குடும்பத்துக்கு இறங்கும்போது, நம்மிடம் இருந்து அங்கே இல்லாதவற்றை அவை கண்டுகொள்ளாது. மேலே சொன்ன ஸ்டெனோசைக்கியின் குடும்பமே அமெரிக்காவில் கிடையாது. தெலகனோடிடே என்ற மேஃபிளைக் குடும்பமும் இல்லை. அமெரிக்கத் திறவுகோலில் போனால் அது எஃபிமெரெல்லிடே என்றுதான் முடியும், முற்காலத்தில் அதை அங்கேதான் சேர்த்து வைத்திருந்தார்கள். யூஃபேயிடே ஊசித்தட்டான்களின் இளம்பூச்சிக்கு வயிற்றின் இருபுறமும் செவுள் இருக்கும். அந்தக் குடும்பம் இல்லாத திறவுகோலை வைத்திருப்பவர் அதை மேஃபிளை என்றே எழுதிவிடலாம். மடங்கும் கீழுதட்டைப் பார்த்தால் மட்டுமே தப்பலாம். ஆகவே வெப்பமண்டல ஆசியாவுக்கு எழுதப்பட்டதைத் தேடுங்கள். தென்னிந்தியாவுக்கு, பெங்களூருவின் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் 2007-இல் வெளியிட்ட சுப்பிரமணியன், சிவராமகிருஷ்ணன் இருவரின் நீர்ப்பூச்சி உயிர்க்கண்காணிப்புக் கையேடு (பூச்சிகளைக் கொண்டு தண்ணீரின் நிலையை அறிவதுதான் உயிர்க்கண்காணிப்பு) தொடங்கப் போதுமானது.

மைக்ராஸ்கோப் வாங்குவதானால் ஸ்டீரியோ வகை, 20 முதல் 40 மடங்கு. கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் தகடு வைத்துப் பார்க்கும் வகை முழுப் பூச்சிக்கு உதவாது. பிம்பம் தலைகீழாக இருக்கும், ஒளி கீழிருந்து வரும், காலின் ஒரு நுனி மட்டும் திரையை நிரப்பும். ஸ்டீரியோ வகைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். எத்தனால் தனிநபருக்கு எளிதில் கிடைக்காது; பழகுவதற்கு மருந்துக்கடை ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். பூச்சியின் உடம்புத் தண்ணீர் கலந்து நீர்த்துப்போவதால் மறுநாள் ஒருமுறை மாற்ற வேண்டும். ஊர், தேதி எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள், பென்சிலால். பேனா மை கரைந்து ஓடிவிடும். நிறமும் ஓடிவிடும் என்பதால் கைரனோமிடே புழுவின் ரத்தச் சிவப்பையோ செவுளின் அசைவையோ குப்பியில் போடுமுன் குறிப்பேட்டில் எழுதியிருந்தால்தான் உண்டு.

டி.என்.ஏ. வழியாகப் பெயர் காண்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் நூலகத்தில் அந்தப் பூச்சி ஏற்கெனவே சரியான பெயரோடு இருந்தால்தான் அது பெயர் சொல்லும். கற்கத் தொடங்குபவர் இதை மறந்துவிடலாம்.

யாருக்கு எது

ஆசிரியர்களுக்குத் தட்டைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். பிள்ளைகள் கையில் ஆல்கஹால் குப்பி வேண்டாம். பார்த்த பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம், புரட்டிய கல்லைப் பழையபடியே வைக்கச் சொல்லிக் கொடுக்கலாம். தண்ணீரின் தரத்தைப் பற்றிப் பேசவும் குடும்பம் வரை தெரிந்தால் போதும். பிரிட்டனில் உருவான மதிப்பெண் முறையில், சுத்தமான தண்ணீரில் மட்டும் வாழும் குடும்பத்துக்கு அதிக மதிப்பெண், அழுக்கைத் தாங்குவதற்குக் குறைவு: ஹெப்டஜீனிடேவுக்கும் பெர்லிடேவுக்கும் 10, ஹைட்ரோசைக்கிடேவுக்கு 5, பேட்டிடேவுக்கு 4, கைரனோமிடேவுக்கு 2. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதைத் தழுவி, தண்ணீரை ஐந்து தரமாகப் பிரிக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. அதுவும் குடும்ப அளவில்தான். அருவிக்கு மேலே ஒரு தட்டு, சோப்பும் எண்ணெயும் கலந்து ஓடும் கீழ்ப்பகுதியில் ஒரு தட்டு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

ஆய்வேடு எழுத வேண்டிய முதுகலை மாணவருக்கு ஆல்கஹாலைத் தவிர்க்க முடியாது. சான்று இல்லாத பெயர்ப் பட்டியலை யாரும் ஏற்கமாட்டார்கள். அவரும் முதல் சில வாரங்கள் குப்பி இல்லாமல் ஓடைக்குப் போக வேண்டும் என்பேன். குப்பியிலிருந்தே தொடங்கியவர்கள் ஆயிரம் பூச்சி எண்ணிய பிறகும் ஓடைக்கரையில் பேட்டிடேவைக் கண்டு விழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பறவை பார்ப்பவர் தட்டான் சட்டையில் தொடங்கித் தட்டுக்கு வரலாம். அவருக்கு அது இயல்பான படி. கைபேசி எல்லோருக்கும் துணை, எவருக்கும் ஆசான் இல்லை.

எதைத் தேர்ந்தாலும் இடத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும். குற்றாலம் பேரருவிக்கு மேலே உள்ள ஓடைகள் காப்புக்காட்டுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வலையோடு போகக் கூடாது, தட்டில் பார்த்துத் திருப்பி விடுவதற்கும் இது பொருந்தும். அடிவாரத்துக் கால்வாய்களிலும் தோப்போர ஓடைகளிலுமே கற்பதற்கு வேண்டிய அளவு இருக்கிறது. சாரல் காலத்து வெள்ளம் கற்களையே உருட்டிவிடும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்து தண்ணீர் தெளியும் தை, மாசி மாதங்கள்தான் ஏற்ற காலம். அப்போதும் தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மொத்தமாக மிதந்து வந்தாலோ, தட்டையும் வலையையும் அப்படியே விட்டுவிட்டுக் கரையேறிவிடுங்கள். மலைமேல் பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வந்து சேரும்.